ஆளணிக்கு வெளியே ஆள்: வன்னி வைத்தியசாலைத் 'தொண்டர்'கள் எங்கிருந்து வந்தார்கள்?

இலங்கையின் வடக்கு மாகாண ஆளுநர் செயலகத்துக்கு முன்னாலும் சுகாதாரப் பணிமனைகளுக்கு முன்னாலும் சுகாதாரத் தொண்டர்கள் பதாகைகளோடு அமர்ந்திருக்கும் படங்கள் அவ்வப்போது செய்திகளில் வருகின்றன. கோரிக்கை ஒன்றுதான்: நிரந்தர நியமனம். வாசிப்பவர்களில் பலருக்கு, குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள வன்னிப் பெருநிலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு, எழும் கேள்வியும் ஒன்றுதான். தொண்டர் என்றால் விரும்பி, கூலி வாங்காமல் வேலை செய்பவர். விரும்பிச் செய்ததைக் காட்டி அரசாங்க வேலை கேட்பது எப்படி?

கேள்வி நியாயமானது. ஆனால் அது 'தொண்டர்' என்ற சொல்லை அதன் கோயில் பொருளில் எடுத்துக்கொள்கிறது. உழவாரத்தோடு கோயில் வீதியில் புல் செதுக்குபவர் தொண்டர். இரவு ஏழு மணிக்கு வைத்தியசாலையின் நோயாளர் விடுதிக்குள் போய் விடியும்வரை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவரும் கடதாசியில் தொண்டர். இரண்டாமவர் எப்படி உருவானார் என்று தெரியாமல் இந்தப் போராட்டங்களை விளங்கிக்கொள்ள முடியாது.

## முதலில் சில சொற்கள்

ஆளணி. ஒரு வைத்தியசாலையில் எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை. இதற்கான அனுமதி திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திலிருந்து வரவேண்டும்.

வெற்றிடம். ஆளணியில் இடம் இருக்கிறது, ஆள் இல்லை. செய்திகளில் 'ஆளணிப் பற்றாக்குறை' என்று ஒரே பெயரில் எழுதப்படுபவை உண்மையில் இரண்டு. இருக்கும் இடம் நிரப்பப்படாமல் கிடப்பது ஒன்று. இடமே போதாமல் இருப்பது மற்றது. முதலாவது மாகாண மட்டத்திலேயே பெருமளவு தீரக்கூடியது. இரண்டாவது கொழும்பு வரை போகவேண்டியது.

சிற்றூழியர். நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, விடுதி கழுவுவது, இரத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வது, சத்திரசிகிச்சைக் கூடத்துத் துணிகளைக் கையாள்வது போன்ற வேலைகளுக்குரிய தரம். பதவிப் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறின. சனங்கள் இப்போதும் அற்றெண்டன், லேபர் என்றுதான் சொல்வார்கள்.

வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கம். ஊரவர், வர்த்தகர், வைத்தியசாலை அலுவலர் ஆகியோர் சேர்ந்த சபை. நன்கொடை திரட்டும், சிறு திருத்த வேலைகள் பார்க்கும். சில இடங்களில் தொண்டர்களுக்குக் கைச்செலவுக் காசு கொடுத்ததும் இப்படியான சங்கங்களே.

## ஒரு சொல்லுக்குள் நான்கு பேர்

1. நிகழ்வுத் தொண்டர். வற்றாப்பளை அம்மன் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் முதலுதவிக் கொட்டிலில் நிற்பவர். இரத்ததான முகாமில் கட்டில் போடுபவர். வைத்தியசாலை வளவில் சிரமதானத்துக்கு வருபவர். ஒருநாள் அல்லது சில நாள் வேலை. இவர் யாரிடமும் வேலை கேட்டதில்லை.

2. கிராமச் சுகாதாரத் தொண்டர். குடும்பநல உத்தியோகத்தரோடு, ஊரார் மொழியில் மருத்துவமாதுவோடு, இணைந்து வேலை செய்பவர். கர்ப்பிணிகளைப் பதிவுக்கு அழைத்து வருவார், பிள்ளைகளின் நிறை எடுக்கும் நாளை வீடு வீடாகச் சொல்லுவார், டெங்கு ஒழிப்பில் கிணறும் தொட்டியும் பார்ப்பார்.

3. விடுதித் தொண்டர். வைத்தியசாலைக்குள் முறைநேர அட்டவணையில் பெயர் போடப்பட்டு, சிற்றூழியரின் வேலையை, சில இடங்களில் மருந்துக்கூடத்திலும் பதிவேட்டு மேசையிலும் உதவியாளர் வேலையை, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் செய்பவர்.

4. தொழில்முறைத் தொண்டர். விடுமுறையில் வரும் புலம்பெயர் வைத்தியர், சர்வதேச அமைப்பின் சத்திரசிகிச்சை நிபுணர். இவர்களுக்குத் திரும்பிப்போக வேறு தொழில் உண்டு.

போராட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகையினர். நியமனத்தை எதிர்த்து எழுதுபவர்கள் மனதில் வைத்திருப்பது முதலாவது வகை. விவாதம் ஒன்றையொன்று தொடாமல் போவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு முரணையும் சொல்லவேண்டும். 'தொண்டு நிறுவனம்' என்ற பெயருள்ள அமைப்புகளின் வெள்ளை வாகனத்தில் வந்தவர்களுக்குச் சம்பளம் இருந்தது. அவர்களுக்கு வைத்தியசாலை வாசலைத் திறந்துவிட்ட தொண்டருக்கு இருக்கவில்லை.

## வன்னிக்கு ஏன் ஒரு தனி வரலாறு

யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலை ஒரு தருமமாகத் தொடங்கியது. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் வேர் 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் உருவான நட்புதவிச் சங்க வைத்தியசாலை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். நன்கொடை கொடுக்க நகரம் இருந்தது, படிப்பிக்க மிசன் இருந்தது.

வன்னியில் இரண்டும் மெலிது. குளங்களுக்கிடையே சிதறிக் கிடந்த ஊர்கள், காய்ச்சல், அங்கொன்றும் இங்கொன்றுமாக அரசாங்க மருந்தகம். பாம்பு கடித்தால் விஷகடி வைத்தியர், பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சி. 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுக் குளத்தை அடுத்து வந்த குடியேற்றங்களோடுதான் கிளிநொச்சிப் பக்கம் சனத்தொகை பெருகியது. வைத்தியசாலை சனங்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஆளணி அதற்கும் பின்னால்.

1970களில் இரண்டு விடயங்கள் ஒன்றாக நடந்தன. குடும்ப சுகாதாரப் பணியகம் நாடு முழுவதும் கிராமத் தொண்டர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1978இன் அல்மா ஆட்டா பிரகடனம், ஆரம்ப சுகாதாரத்தில் மக்கள் பங்கேற்பை உலகக் கொள்கையாக்கியது. அதே காலத்தில் வவுனியாவில் காந்தியம் அமைப்பு இயங்கியது. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் முன்னின்ற அந்த அமைப்பு, 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை வன்னி எல்லையில் குடியமர்த்தியது. ஊர் இளைஞர்களையும் யுவதிகளையும் பயிற்றி, முன்பள்ளி, பிள்ளைகளின் போசாக்கு, அடிப்படைச் சுகாதாரம் ஆகியவற்றில் ஈடுபடுத்தியது. 1983 யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அமைப்பும் அத்தோடு அழிந்தது. ஆனால் வைத்தியர் இல்லாத ஊரில் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளையைப் பயிற்றினால் பாதி வேலை நடக்கும் என்ற அனுபவம் வன்னியில் தங்கிவிட்டது.

## 1990 முதல் 2002 வரை: இடைவெளி அமைப்பாக மாறிய காலம்

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை விளங்கிக்கொண்டால் மிச்சம் தானாக விளங்கும். காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை.

முதலாவது, பொருளாதாரத் தடை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின், எரிபொருள், மின்கலம், உரம் என்று நீண்ட பட்டியலோடு மருந்தும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குள் வந்தது. ஒதுக்கீடு எந்த அளவில் எந்த வாரம் வந்து சேரும் என்பது வவுனியாச் சோதனைச் சாவடிக்கு வடக்கே எவருக்கும் நிச்சயமில்லை.

இரண்டாவது, சனத்தொகைப் பெருக்கம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். தென்மராட்சியில் தங்கிய பெருந்தொகையானோர் பின்னர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. மாவட்டத்தின் முதன்மை வைத்தியசாலை இருந்த ஊரே வெறுமையாக, அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று ஒரு ஊருக்கோ சில ஊர்களுக்கோ கட்டப்பட்ட வைத்தியசாலைகளின் தலையில் முழு வன்னியின் பாரமும் விழுந்தது. 1997 மே மாதம் தொடங்கிய இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியின் இரு பக்கச் சனங்களையும் மீண்டும் நகர்த்தியது.

மூன்றாவது, ஆட்களின் வெளியேற்றம். நியமனம் பெற்ற வைத்தியரும் தாதியும் இடமாற்றம் பெற்றுப் போகலாம். போனவர்கள் இருக்கிறார்கள், போகாமல் இருந்து தேய்ந்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வன்னிக்கு வர ஒருவருக்கும் காரணம் இல்லை. ஆளணிப் பட்டியல் கொழும்பில் அப்படியே இருந்தது. பட்டியலிலுள்ள இடங்கள் வன்னியில் காலியாக இருந்தன.

நான்காவதைச் செய்திகள் சொல்வதில்லை: மலேரியா. போர்க்கால வன்னியில் விடுதிகளை நிரப்பியது காயம் மட்டுமல்ல, குளிர்க்காய்ச்சலும்தான். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்து, நுணுக்குக்காட்டிக்கு அனுப்பும் வேலைக்குப் பயிற்றப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் வேண்டியிருந்தார்கள். மலேரியாத் தடை இயக்கமும் அரசசார்பற்ற அமைப்புகளும் போர்ப் பகுதிகளில் இந்தக் கண்காணிப்பை விடாமல் வைத்திருந்தன. இலங்கையில் உள்ளூர்த் தொற்று கடைசியாகப் பதிவானது 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று வழங்கியது. அந்தச் சான்றிதழைக் கொழும்பு கொண்டாடியபோது, விரல் குத்தியவர்கள் பற்றி எங்கும் பெரிதாகப் பேசப்படவில்லை.

இந்த நான்கும் சேர்ந்த இடத்தில்தான் விடுதித் தொண்டர் பிறந்தார். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் சத்திரசிகிச்சைக்கு ஆள் அனுப்பியது. ஆனால் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வந்தால் அவரைச் சுற்றிப் பலர் வேண்டும்: கருவி அவிப்பவர், துணி தோய்ப்பவர், சேலைன் பார்த்துக்கொள்பவர், நோயாளி சொல்வதை மொழிபெயர்ப்பவர். அவர்கள் ஊரிலிருந்துதான் வரமுடியும். சிலருக்கு அமைப்புகள் ஊக்குவிப்புப் பணம் கொடுத்தன, சிலருக்கு உலர் உணவு, பலருக்கு ஒன்றுமில்லை.

இதற்குச் சமாந்தரமாக விடுதலைப் புலிகளின் மருத்துவப் பிரிவும் ஆட்களைப் பயிற்றியது. புதுக்குடியிருப்பின் பொன்னம்பலம் ஞாபகார்த்த மருத்துவமனையும் திலீபன் பெயரிலான கிராமிய மருத்துவ நிலையங்களும் பொதுமக்களுக்கும் மருந்து கொடுத்தன. ஆகவே அந்தக் கால வன்னியில் 'சுகாதாரத் தொண்டர்' என்ற பெயர் மூன்று வேறு கூரைகளின் கீழ் இருந்தது: அரச வைத்தியசாலை, அரசசார்பற்ற அமைப்பு, இயக்கத்தின் கட்டமைப்பு. ஒரே ஆள் ஐந்து ஆண்டுக்குள் மூன்றிலும் வேலை செய்திருக்கலாம். இது பின்னால் பெரிய சிக்கலானது.

## ஒப்பந்தம், கடல், மீண்டும் போர்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 திறந்தபின் நான்காவது வகைத் தொண்டர்கள் வந்தார்கள். புலம்பெயர் வைத்தியர்கள் விடுமுறையில் வந்து கிளினிக் நடத்தினார்கள், கருவிகள் வந்தன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளியபோது ஊர்ப் பயிற்சியும் வெளி உதவியும் ஒன்றாக வேலை செய்தன. ஆளணி மட்டும் அசையவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடியது.

2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் சர்வதேச தொண்டு நிறுவனங்களும் அரசாங்க உத்தரவின்படி கிளிநொச்சியை விட்டு வெளியேறின. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு எஞ்சியிருந்தது. அதன் பிறகு வைத்தியசாலை என்பது ஒரு கட்டடத்தின் பெயராக இருக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கிருந்து கிழக்கே உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் புதுமாத்தளன் பாடசாலை, ஏப்ரல் 20க்குப் பின் முள்ளிவாய்க்கால் பாடசாலை. ஒவ்வொரு நகர்விலும் கட்டிலும் மருந்துப் பெட்டியும் நோயாளியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்பட்டன. வன்னியின் வைத்தியசாலைகள் எல்லாமே எறிகணைக்கு இலக்காயின, சில திரும்பத் திரும்ப இலக்காயின என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது.

ஒரு சில அரச வைத்தியர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய தாதியர். மீதி வேலையைத் தொண்டர்களும் நோயாளிகளின் உறவினர்களும் செய்தார்கள். பிரித்தானியாவிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்ட, உயிரியல் மருத்துவம் படித்த இளம் பெண் ஒருவரும் அந்தத் தொண்டர்களில் அடக்கம். அவர் உலக ஊடகங்களிடம் பேசியதால் அவரது பணி பதிவானது. பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு கப்பல் மூலம் காயக்காரரையும் நோயாளரையும் உடன்சென்றோரையும் பல்லாயிரக்கணக்கில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கப்பலுக்கு அவர்களைச் சுமந்த கைகளுக்கு வரவுப் பதிவேடு எதுவும் இல்லை.

அடுத்த கட்டம், போரிலிருந்து வெளியேறிய சனங்கள் வைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். தெற்கிலிருந்து வந்த வைத்தியர்களுக்குத் தமிழ் தெரியாது, முகாமிலிருந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாது. இடையில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. வன்னியில் விடுதி வேலை பழகியவர்களுக்கு முள்கம்பிக்குள்ளும் அதே வேலை, அதே பெயர்: தொண்டர்.

## மீள்குடியேற்றத்துக்குப் பின்: கட்டடம் வந்தது

2009இன் பிற்பகுதி முதல் 2012இல் மெனிக் பாம் மூடப்படும்வரை சனங்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். வைத்தியசாலைகள் மீளக் கட்டப்பட்டன, புதிய விடுதிகள் திறந்துவைக்கப்பட்டன, நாடா வெட்டப்பட்டது. விடுதி திறக்க நன்கொடை நாடு இருக்கும். விடுதி கழுவ ஆளணி இருக்காது. பழைய ஏற்பாடே திரும்ப வந்தது. "இப்போதைக்குத் தொண்டராக வாருங்கள், நியமனம் வரும்போது பார்ப்போம்" என்ற வகை வாய்வாக்கு. போரில் கணவனை இழந்த பெண்களும் வேறு வேலை இல்லாத இளையோரும் அந்த வாக்கை நம்பி முறைநேரம் நின்றார்கள். போருக்கு முந்திய தொண்டர் அவசரத்துக்கு வந்தவர். போருக்குப் பிந்தியவர் வாக்குறுதிக்கு வந்தவர். என் பார்வையில் இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குத் தொண்டு என்ற பெயர் பொருந்தாது. கூலி பின்போடப்பட்ட வேலை என்பதே சரி.

## நியமனம் ஏன் சிக்குகிறது

1. அதிகாரம் பிரிந்திருக்கிறது. 13ஆவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் தவிர்ந்தவை மாகாண விடயம். வைத்தியரும் தாதியரும் மத்திய அமைச்சின் ஒழுங்கில் வருகிறார்கள். மாகாண வைத்தியசாலைச் சிற்றூழியரை மாகாணம் சேர்க்கிறது. மாகாண அரச சேவை நியமன அதிகாரம் சட்டப்படி ஆளுநரிடம். 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. போராட்டம் ஆளுநர் வாசலில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

2. 180 நாள் விதி தொண்டரைத் தொடவில்லை. தற்காலிக, அமைய (நாட்கூலி), ஒப்பந்த அடிப்படையில் 180 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவர்களை நிரந்தரமாக்க 2014இல் 25/2014 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. ஆனால் அமைய ஊழியருக்கும் ஒரு சேர்ப்புக் கடிதம் உண்டு. தொண்டரிடம் அது இல்லை. பத்து ஆண்டு வேலை செய்தவர் சட்டத்தின் கண்ணில் ஒருநாளும் வேலைக்குச் சேராதவர்.

3. தகைமையும் வயதும். ஆட்சேர்ப்புத் திட்டத்தில் கல்வித் தகைமையும் வயதெல்லையும் உண்டு. காத்திருந்த காலத்திலேயே எல்லையைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள்.

4. வேறு வாசல் திறந்தது. 2020இல் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி மூலம் குறைந்த கல்வித் தகைமையுள்ளோருக்கு நாடளாவிய வேலைவாய்ப்பு அறிவிக்கப்பட்டது. விடுதியில் அனுபவம் உள்ளவருக்கு அதில் முன்னுரிமை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

5. 2022 நெருக்கடி. புதிய அரச ஆட்சேர்ப்பு கட்டுப்படுத்தப்பட்டது. ஓய்வு வயது 60 ஆக்கப்பட, பலர் ஒரேயடியாக விலகினார்கள். வெற்றிடம் கூடியது, நிரப்பும் வழி ஒடுங்கியது.

## நோயாளிக்கு இதில் என்ன?

'சின்ன வேலை' என்று நினைப்பதில் உள்ள ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வன்னியில் வயல் வெட்டுக் காலத்தில் புடையன் பாம்பு கடித்து வருபவர்கள் அதிகம். விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்க, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறி மருந்து தேவை. அந்தக் குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால், விஷம் ஏறாதவரின் இரத்தமும் உறையாமல் நிற்கும். குழாய் கழுவுபவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். விஷமுறி மருந்துக்கே கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் இது வீண் செலவோடு முடிகிற விடயமும் அல்ல.

தொண்டருக்கு முறையான பயிற்சி கட்டாயமில்லை. பாவித்த ஊசி தவறுதலாக அவர் கையில் குத்திவிட்டால் யார் பொறுப்பு என்பதும் எழுதப்படவில்லை. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி போன்ற தொற்றுகளுக்கு விபத்துப் பதிவும் தொடர் பரிசோதனையும் ஊழியருக்கு உண்டு; பட்டியலில் இல்லாதவருக்கு யார் செய்வது? தவறு நடந்தால் ஒழுக்காற்று விசாரணைக்கும் அவர் உட்படமாட்டார், பாதுகாப்பும் பெறமாட்டார்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பரீட்சையும் நேர்முகமும் இல்லாமல் தொண்டர் வழியாகவே உள்ளே போகலாம் என்றானால், யாருடைய தயவில் தொண்டராகச் சேர்வது என்பதே அடுத்த போட்டியாகும். அரசியல்வாதிகளின் சிபாரிசில் பெயர் நுழைந்தது என்ற குற்றச்சாட்டு தொண்டர்களுக்குள்ளேயே எழுந்திருக்கிறது. ஆகவே புதிய தொண்டர் சேர்ப்பை முற்றாக நிறுத்துவதும், ஏற்கெனவே இருப்பவர்களைச் சேவைக்காலத்தின்படி வரிசைப்படுத்துவதும் ஒன்றாக நடக்கவேண்டியவை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் வரிசை முடியாது.

## சேவைக்காலத்தை எதை வைத்து அளப்பது?

வரிசைப்படுத்தல் என்றதும் நேர்முகத்தில் கேட்கப்படுவது ஆவணம்: வரவுப் பதிவேட்டின் பிரதி, வைத்திய அத்தியட்சகரின் கடிதம், அமைப்பின் சான்றிதழ். இங்கேதான் வன்னியின் வரலாறு மேசையில் வந்து உட்காருகிறது. 2012இல் சேர்ந்தவரிடம் இவை இருக்கும். 1997இல் மல்லாவியில் தொடங்கியவரின் பதிவேடு எந்தப் பதுங்குகுழியில் மண்ணானது என்று யாருக்கும் தெரியாது. கையொப்பமிட்ட அதிகாரி வெளிநாட்டில் இருக்கலாம், இறந்திருக்கலாம். புலிகளோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட நிவாரண அமைப்பான தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 2007 நவம்பரில் தடைசெய்யப்பட்டது. அதனுடைய அல்லது இயக்க மருத்துவ நிலையத்தினுடைய கடிதம், 2009இல் சோதனைச் சாவடி கடந்து வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கக்கூடிய பொருள் அல்ல. அதனால் சேவை நீண்டவரின் கோப்பு மெலிந்தும், சேவை குறுகியவரின் கோப்பு தடித்தும் இருக்க வாய்ப்புண்டு. பழையவர்களுக்குச் சத்தியக் கடதாசியையும் அக்காலத்தில் உடன் பணியாற்றிய அரச ஊழியர் இருவரின் உறுதிப்படுத்தலையும் ஏற்பது என்று ஒரு விதி எழுதினால், இந்தத் தலைகீழ் வரிசையை ஓரளவாவது நிமிர்த்தலாம். அந்த அரச ஊழியர்களும் இப்போது ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.